சிவிங்கிப்புலி

பூனைக் குடும்பத்தைச் சார்ந்ததும், தரைவாழ் பிராணிகள் யாவற்றினும் வேகமிக்கதுமான இவ்விலங்கு, கண்ணின் உள்மூலையினின்று வாய்வரை இறங்கும் கரிய கோட்டினால் சிறுத்தையினின்றும் எளிதில் இனங்காணப்படும். வில்லென வளைந்து நிமிரும் முதுகெலும்பும், முழுதும் உள்ளிழுக்கப்படாது மண்ணைப் பற்றும் நகங்களும், திருப்பங்களில் உடலைச் சமன்செய்யும் நீண்ட வாலும், அகன்ற நாசித் துவாரங்களும் ஒருங்கே துணைசெய்ய, மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கும் இதன் ஓட்டம், சில நூறு மீட்டருக்குள் ஓய்ந்துவிடும்.

சென்னைக் கவர்னராயிருந்த ஜார்ஜ் பிகட், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் காணிக்கையாக்கிய சிவிங்கிப்புலியை 1764இல் இங்கிலாந்தின் விண்ட்சரில் ஆண்மானொன்றின்மீது ஏவியபோது, மான் அதனைக் கொம்பால் தூக்கியெறிந்தது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் தீட்டிய சித்திரத்திலோ அந்த அபஜயம் இல்லை. இந்தியச் சேவகர் இருவருள் ஒருவர் செந்நிறக் கச்சையால் அதனைப் பிடித்திருக்க, மற்றவர் மானைச் சுட்டுகிறார். புரவலரான பிகட்டின் மனங்கோணாதிருக்கும் வித்தையை ஓவியர் அறிந்திருந்தார் போலும்!

சிறையில் சிவிங்கிப்புலி அக்காலத்தில் அபூர்வமாகவே ஈன்றது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் ஓர் ஈற்றை அதிசயமெனப் பதிந்தார். ஆதலின் அரசர்தம் வேட்டைக்குப் பழக்க வனத்திலிருந்தே ஓயாது பிடிக்கப்பட்டும், புல்வெளிகள் கழனிகளாகியும் இவ்வினம் அருகிற்று. 1947இல் இன்றைய சத்தீஸ்கரிலிருந்த கொரியா சமஸ்தான மகாராஜா மூன்றைச் சுட்டார். 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. ஆசிய இனம் இன்று ஈரானில் மட்டுமே எஞ்சியிருப்பதால், 2022 செப்டம்பர் 17 அன்று மத்தியப் பிரதேசத்துக் குனோ தேசியப் பூங்காவில் மீண்டும் குடியேற்ற விடப்பட்ட எட்டும் நமீபியாவிலிருந்து வந்த ஆப்பிரிக்க இனமே.