பட்டாவும் கடனும்: எல் சால்வடோரின் காப்பி நிலம், 1881–1932

எல் சால்வடோரின் வறுமைக்கும் வன்முறைக்கும் மக்கள் நெருக்கடியைக் காரணம் காட்டுவது நெடுநாள் வழக்கம். 21,041 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நாடு மத்திய அமெரிக்காவிலேயே மிகச் சிறியது. பிழைப்புத் தேடி ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் ஹோண்டுராஸில் குடியேறியிருந்த நிலையில் 1969இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டபோதும் இதே விளக்கமே தரப்பட்டது. நெருக்கடிக்கு வேர் மக்கள் எண்ணிக்கையில் இல்லை, நிலப் பங்கீட்டில்தான் இருக்கிறது என்று வில்லியம் டர்ஹாம் 1979இல் வெளியான நூலில் நிறுவினார். அப்படியானால் நிலம் சிலர் கையில் குவிந்தது எவ்வாறு?

வழக்கமான விடை 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள். வங்காள அவுரியின் போட்டியாலும் பின்னர் செயற்கைச் சாயங்களாலும் அவுரி வணிகம் நலிந்துகொண்டிருக்க, அரசு காப்பியை நம்பியது. பழங்குடிச் சமூகங்களின் கூட்டு நிலங்களை முதல் சட்டமும், ஊராட்சிகளின் பொது நிலங்களை இரண்டாம் சட்டமும் ஒழித்தன. ஒரே வீச்சில் குடியானவர்கள் நிலமற்றவர்களாயினர் என்றே பலரும் எழுதிவந்தனர். ஆல்டோ லௌரியா-சாந்தியாகோ ஆவணங்களைத் துருவிப் பார்த்து இதை மறுத்தார்: பழங்குடியினர் உட்பட ஆயிரக்கணக்கான சிறு உழவர்கள் அப்போது தனிப்பட்டா பெற்றனர். அவருடைய சான்றுகள் வலுவானவை. ஆனால் அவை அச்சட்டங்களின் பழியைப் போக்கிவிடவில்லை என்பதே என் வாதம். கூட்டு நிலத்தை அடகு வைக்க இயலாது. பட்டா நிலத்தை வைக்கலாம். நிலம் கைமாறுவதற்கான வாசலைச் சட்டம் திறந்துவிட்டது. அவ்வாசல் வழியே வந்தது கடன்.

கடன் நுழைந்த விதம் காப்பிப் பயிரின் இயல்போடு பிணைந்தது. நட்ட செடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டும். நவம்பரில் அறுவடை தொடங்கினால் வேறொரு நெருக்கடி. சோளத்தைப் போலக் காப்பிப் பழத்தைப் பரணில் போட்டு நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. பறித்த ஓரிரு நாளில் தோலுரிக்காவிட்டால் புளித்துக் கெட்டுவிடும். தோலுரித்து, ஊறவைத்துக் கழுவி, களத்தில் உலர்த்தும் ஆலையோ ஊரின் பெருந்தனக்காரருக்குச் சொந்தம். அறுவடைக்குப் பல மாதம் முன்பே முன்பணம் தந்தவரும், பழத்துக்கு விலை வைத்தவரும், வட்டி கணக்கிட்டவரும் பெரும்பாலும் அவரே. பழம் கடனை அடைக்காத ஆண்டில் பட்டா அவர் கைக்குப் போயிற்று. 'பதினான்கு குடும்பங்கள்' என்று உலகம் அறிந்த செல்வக்குழுவின் வலிமையைத் தோட்டப் பரப்பை மட்டும் வைத்து அளப்பது போதாது. ஆலை, வங்கி, ஏற்றுமதி மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1920களின் விலையேற்றத்தில் கடன் தாராளமாகப் பாய்ந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காப்பியுடையது. 1929க்குப் பின் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. கூலி வெட்டப்பட்டது, அடகு நிலங்கள் மூழ்கின. 1932 சனவரி 22ஆம் நாள் இரவு இசால்கோ, நாவிசால்கோ, ஹுவாயூவா பகுதிகளில் எழுச்சி வெடித்தது. ஹெர்னாண்டஸ் மார்டினெஸின் இராணுவ அரசு அதைச் சில நாட்களில் அடக்கிய பின்னும் கொலைகளை நிறுத்தவில்லை. பழங்குடித் தலைவர் ஃபெலிசியானோ அமா இசால்கோவில் தூக்கிலிடப்பட்டார். பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் வரை மக்கள் மாண்டதாக மதிப்பீடுகள் உள்ளன. இதை வெறும் கம்யூனிஸ்ட் சதியாக எழுதிய அரசுத் தரப்பு, கடனையும் கூலியையும் கணக்கிலிருந்தே விலக்கிவிட்டது. பேரளவில் கொல்லப்பட்டோர் நாவாத் மொழி வழங்கிய ஊர்களின் உழவர்கள் என்பதை அது எப்போதும் விளக்கியதில்லை.

இந்த அமைப்பு 1932உடன் முடிந்துவிடவில்லை. 1980ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தத்தின் முதற்கட்டம் 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளைத்தான் எடுத்துக்கொண்டது. காப்பிப் பொருளாதாரத்தின் மையமான நடுத்தரப் பெருந்தோட்டங்களைத் தொடவிருந்த இரண்டாம் கட்டம் நிறைவேறவே இல்லை. அக்காலத்தில் மூண்ட பன்னிரண்டு ஆண்டு உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் இறந்தனர். லட்சக்கணக்கானோர் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு வெளியேறினர். இன்று மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான தொகை அவர்கள் அனுப்பும் பணமாக வருகிறது. காப்பி இருந்த இடத்தில் இப்போது நாட்டின் முதன்மை ஏற்றுமதி மனித உழைப்பே.