நூலக மேசையும் வாசகர் உரிமையும்: அமெரிக்கப் பொது நூலகக் கலந்துரையாடல் குழுக்களின் வரலாறு

முன்னுரை

வாசிப்பு தனிமையில் நிகழும் செயல் என்னும் எண்ணம் அச்சுப் பண்பாட்டோடு வேரூன்றியது. தமிழ் மரபில் நூல் அவையோரை நோக்கியே இயற்றப்பட்டது; அரங்கேற்றம் என்னும் வழக்கமே அதற்குச் சான்று. அமெரிக்கச் சமூகவியலாளர் எலிசபெத் லாங், ஹூஸ்டன் நகர மகளிர் வாசகர் குழுக்களை ஆராய்ந்து 2003இல் ஒரு நூல் வெளியிட்டார். தனித்திருந்து படிப்பவர் என்ற உருவத்தின் பின்னே, நூலைத் தெரிவு செய்து, பகிர்ந்து, அதைப் பற்றிப் பேசும் ஒரு சமூகம் இருப்பதை அவர் அதில் எடுத்துக்காட்டினார்.

அச்சமூகம் பொது நூலகத்தில் கூடும்போது சிக்கல் ஒன்று சேர்கிறது. வீட்டில் கூடும் குழு தன் உறுப்பினரைத் தானே தெரிவு செய்துகொள்ளலாம். வரிப்பணத்தில் இயங்கும் நூலகத்திற்கு அவ்வுரிமை இல்லை. எனவே அங்கு இரண்டு வினாக்கள் எழுகின்றன. மேசையைச் சுற்றி அமரும் உரிமை யாருக்கு உண்டு? மேசைமேல் வைக்கப்படும் நூலைத் தெரிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? அமெரிக்க வரலாற்றில் முதல் உரிமை நெடிய போராட்டத்தின் பின்னரே கிடைத்தது. அது கிடைத்தபோதும் இரண்டாவது உரிமை தானாக வந்து சேரவில்லை. இவ்விரண்டு உரிமைகளின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. குழுவிலிருந்து நூலகம்

நூலகம் முதலில் தோன்றியது, வாசகர் குழு பின்னர் வந்தது என்று கருதுவது இயல்பு. அமெரிக்காவில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. பெஞ்சமின் பிராங்கிளின் 1727இல் பிலடெல்பியாவில் 'ஜுண்டோ' என்ற கலந்துரையாடல் குழுவைத் தொடங்கினார். கைவினைஞரும் சிறு வணிகரும் அடங்கிய அக்குழு வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடியது. விவாதத்திற்கு நூல்கள் தேவைப்பட்டன. உறுப்பினர்கள் தம் நூல்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்தனர். அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் தொடர்ச்சியாகவே 1731இல் பிலடெல்பியா நூலக நிறுவனம் உருவானது. அதன் முதல் உறுப்பினர் ஐம்பதின்மர். நுழைவுத்தொகை 40 ஷில்லிங். பேச்சே நூலகத்தைப் பெற்றெடுத்தது எனலாம். ஆயினும் அது சந்தா செலுத்துவோரின் நூலகமே.

நகர மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் இலவச நூலகம் 1833இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பீட்டர்பரோவில் தோன்றியது. பாஸ்டன் பொது நூலகம் 1854இல் வாசகர்களுக்குத் திறக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மகளிர் மன்றங்கள் பெருகின. இலக்கியம் படித்துப் பேசுவதற்காகக் கூடிய பெண்கள், பல சிற்றூர்களில் நூல்களைத் திரட்டி நூலகம் அமைக்கவும் முன்னின்றனர். ஜுண்டோவின் வரலாறு இங்கு வேறு வடிவில் மீண்டும் நிகழ்ந்தது.

ஆண்ட்ரூ கார்னகியின் கொடையால் அமெரிக்காவில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவருடைய செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம் 1911இல் கட்டட அமைப்பு பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். அவற்றில் இடம்பெற்ற மாதிரி வரைபடங்கள், மேல்தளத்தில் வாசிப்பறையும் அடித்தளத்தில் சொற்பொழிவு அறையும் அமைவதைக் காட்டின. கூடிப் பேசுவதற்கான இடம் இவ்வாறு பொது நூலகக் கட்டடத்தின் ஓர் உறுப்பாயிற்று.

2. சாசனமும் கைதும்: 1939

அமெரிக்க நூலகச் சங்கம் 1939 ஜூன் மாதத்தில் நூலக உரிமைச் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் மூன்று கூறுகளுள் மூன்றாவது கூட்ட அறைகளைப் பற்றியது. பொதுப் பிரச்சினைகளைக் கலந்துரையாடுவதற்கு நூலக அறைகள், நம்பிக்கையையும் சார்பையும் கருதாது, எல்லாக் குழுக்களுக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. முதற்கூறு நூல் தெரிவைப் பற்றியது. எழுத்தாளரின் இனமோ நாடோ கொள்கையோ தெரிவைப் பாதிக்கலாகாது என அது விதித்தது.

இவ்விரண்டு கூறுகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். எழுதுவோரின் இனம் சாசனத்தில் குறிப்பிடப்பட்டது. படிப்போரின் இனம் குறிப்பிடப்படவில்லை. கறுப்பின எழுத்தாளரின் நூல் அலமாரியில் இடம் பெறலாம். கறுப்பின வாசகர் அதே அறையில் அமரலாமா என்பதற்குச் சாசனத்தில் விடை இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1936இல் ரிச்மண்ட் நகரில் நடந்த சங்க மாநாட்டிலேயே கறுப்பினப் பேராளர்கள் தனியே அமர்த்தப்பட்டனர் என்பதை நினைவிற்கொண்டால் இவ்விடைவெளியின் பொருள் விளங்கும்.

சாசனம் நிறைவேறிய இரண்டு மாதங்களில், 1939 ஆகஸ்ட் 21 அன்று, வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நூலகத்திற்குக் கறுப்பின இளைஞர் ஐவர் சென்றனர். ஒருவர்பின் ஒருவராக உறுப்பினர் அட்டை கேட்டனர், மறுக்கப்பட்டது. ஒவ்வொருவரும் ஒரு நூலை எடுத்துத் தனித்தனி மேசையில் அமர்ந்து அமைதியாகப் படிக்கத் தொடங்கினர். காவலர் வந்து அவர்களை அழைத்துச் சென்றனர். ஒழுங்கைக் குலைத்தனர் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். நூலகத்தில் அமைதியாக நூல் படித்தது ஒழுங்கீனமாகக் கருதப்பட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

இப்போராட்டத்தைத் திட்டமிட்டவர் அவ்வூரைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் சாமுவேல் டக்கர். நகர நிர்வாகம் பொது நூலகத்தைத் திறந்துவிடவில்லை; மாறாக 1940இல் கறுப்பினத்தவருக்கென ராபர்ட் ராபின்சன் நூலகத்தைத் தனியே கட்டியது. அந்நூலக அட்டையை ஏற்க டக்கர் மறுத்தார். அவர் கேட்டது நூலை மட்டுமன்று. ஊரார் அனைவருக்கும் உரிய மேசையில் தமக்கும் ஓர் இருக்கையைக் கேட்டார்.

3. பெருநூல் இயக்கம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நூலகக் கலந்துரையாடல் குழுக்கள் நாடெங்கும் பரவுவதற்குக் காரணமாக இருந்தது பெருநூல் இயக்கம். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஜான் எர்ஸ்கின் 1920இல் தொடங்கிய பாடத்திட்டத்தில் இதன் வேர் உள்ளது. அதில் பயின்ற மார்ட்டிமர் ஆட்லர், சிகாகோப் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்சுடன் இணைந்து அம்முறையை வகுப்பறைக்கு வெளியே எடுத்துச் சென்றார். பெருநூல் அறக்கட்டளை 1947இல் நிறுவப்பட்டது. பொது நூலகங்கள் குழுக்களுக்கு இடமும் நூலும் அளித்தன.

இவ்வியக்கத்தின் சிறப்பு அதன் முறையில் இருந்தது. குழுவை வழிநடத்தியோர் பேராசிரியர் அல்லர். பயிற்சி பெற்ற தன்னார்வலர், பெரும்பாலும் இருவர். அவர்கள் சொற்பொழிவாற்றலாகாது, வினாவே எழுப்ப வேண்டும். தாமே உறுதியான விடை அறியாத வினாவே சிறந்த வினா எனக் கொள்ளப்பட்டது. நூலைப் படித்தவரே பேசலாம். உரையாசிரியர், திறனாய்வாளர் கருத்தைச் சான்றாகக் காட்டலாகாது. ஒவ்வொரு கூற்றுக்கும் மூலத்திலிருந்தே ஆதாரம் தரவேண்டும். உரைமரபில் ஊறிய தமிழ்ப் புலமைக்கு இவ்விதி வியப்பளிக்கலாம். ஆனால், பட்டம் பெறாத ஒருவரும் அறிஞருக்கு இணையாக வாதிடும் வாய்ப்பை அது உருவாக்கியது.

வினாவின் உரிமை வாசகருக்கு வழங்கப்பட்டது. தெரிவின் உரிமை வழங்கப்படவில்லை. எந்நூல்கள் பெருநூல்கள் என்பதை அறக்கட்டளையே முடிவு செய்தது. ஆட்லரும் ஹட்சின்சும் 1952இல் வெளியிட்ட 54 தொகுதிகள் கொண்ட மேலை உலகப் பெருநூல் வரிசையில் பெண் எழுத்தாளர் ஒருவரும் இல்லை. மேலை உலகிற்கு வெளியே உருவான இலக்கியத்திற்கு அதன் தலைப்பிலேயே இடமில்லை.

4. அச்சத்தின் ஆண்டுகள்

பனிப்போர்க் காலத்தில் கலந்துரையாடல் ஒருபுறம் ஊக்குவிக்கப்பட்டது. மறுபுறம் ஐயத்துடன் நோக்கப்பட்டது. போர்டு அறக்கட்டளையின் முதியோர் கல்வி நிதியைக் கொண்டு அமெரிக்க நூலகச் சங்கம் 1951இல் அமெரிக்க மரபுத் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் அரசியல் மரபு பற்றிய நூல்களையும் திரைப்படங்களையும் முன்வைத்து மக்கள் நூலகங்களில் கூடிப் பேசினர்.

அதற்கு முந்தைய ஆண்டில், ஒக்லஹோமாவின் பார்ட்டில்ஸ்வில் நகரில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நூலகராக இருந்த ரூத் பிரவுன் பணிநீக்கம் செய்யப்பட்டார். நாட்டிற்கு எதிரான இதழ்களை நூலகத்தில் வைத்திருந்தார் என்பது வெளிப்படக் கூறப்பட்ட காரணம். கறுப்பின ஆசிரியையர் இருவருடன் ஊரின் மருந்துக்கடைச் சிற்றுண்டிப் பகுதிக்குச் சென்று அமர்ந்ததும், இனச் சமத்துவத்திற்காக அவர் உழைத்துவந்ததுமே உண்மையான காரணம் என லூயிஸ் ராபின்ஸ் 2000இல் வெளியிட்ட ஆய்வுநூலில் நிறுவியுள்ளார். இங்கும் சிக்கல் ஓர் இருக்கையிலேயே தொடங்கியது. நூலகரே அஞ்சும் ஊரில் குழுவினர் மனம்விட்டுப் பேசுதல் அரிது. நூலகச் சங்கமும் பதிப்பாளரும் இணைந்து 1953இல் வெளியிட்ட வாசிப்புச் சுதந்திர அறிக்கையை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

5. இருக்கை கிடைத்தது: 1961

படிப்போரின் இனம் பற்றிய மௌனம் 1961 பிப்ரவரியில் கலைந்தது. இனம், சமயம், தேசிய மரபு, அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாக ஒருவரின் நூலகப் பயன்பாட்டு உரிமை மறுக்கப்படலாகாது என்னும் கூறு சாசனத்தில் சேர்க்கப்பட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் பிந்திய திருத்தம் இது.

அடுத்த மாதம், மார்ச் 27 அன்று, மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் டூகலூ கல்லூரி மாணவர் ஒன்பதின்மர் முதலில் கறுப்பினத்தவருக்கான நூலகத்திற்குச் சென்று, அங்கு இல்லாத நூல்களைக் கேட்டனர். பின்னர் நகர மைய நூலகத்தில் நுழைந்து படிக்க அமர்ந்தனர், கைது செய்யப்பட்டனர். 1939இல் போலவே சாசனத்திற்கும் கைதுக்கும் இடையே சில வாரங்களே இருந்தன. சங்கத்தின் தீர்மானம் நூலகக் கதவைத் திறக்கவில்லை. அதைத் திறந்தவர் உள்ளே சென்று அமர்ந்தவர்களே. தென்மாநில நூலகப் போராட்டங்களை வெய்ன் வீகண்டும் ஷெர்லி வீகண்டும் 2018இல் தொகுத்து ஆராய்ந்த பின்னரே இவ்விளைஞர்களின் பங்கு நூலக வரலாற்றில் உரிய கவனம் பெற்றது.

6. தெரிவின் உரிமை

1970களின் இறுதியில் வெர்மான்ட் மாநிலத்தின் ரட்லண்ட் நூலகத்தில் தொடங்கிய முயற்சி, 1982இல் மானுடப் புலங்களுக்கான தேசிய நிதியத்தின் துணையோடு நாடளாவிய திட்டமாக வளர்ந்தது. ஒரு கருப்பொருளைச் சார்ந்த பல நூல்களை வரிசையாகப் படித்து, அறிஞர் ஒருவரின் அறிமுகத்திற்குப்பின் சிறு குழுக்களாகப் பிரிந்து பேசுவது அதன் அமைப்பு. பெருநூல் இயக்கம் வெளியே நிறுத்திய அறிஞர் மீண்டும் உள்ளே வந்தார், நூற்பட்டியலோ விரிந்தது.

சியாட்டில் பொது நூலகத்தில் நான்சி பேர்ல் 1998இல் வேறொரு வழியைக் கண்டார். நகரம் முழுவதும் ஒரே நூலைப் படித்தால் என்ன என்பது அத்திட்டத்தின் வினா. ரசல் பேங்க்ஸின் புதினம் ஒன்று முதலில் தெரிவாயிற்று. சிகாகோ 2001இல் ஹார்ப்பர் லீயின் புதினத்துடன் இதைப் பின்பற்றியது.

நியூயார்க் 2002இல் இதனை முயன்றபோது தெரிவின் சிக்கல் வெளிப்பட்டது. கொரிய வழித்தோன்றலான சாங்-ரே லீயின் புதினமும், கறுப்பினத் தந்தைக்கும் யூதக் குடும்பத்தில் பிறந்த தாய்க்கும் மகனான ஜேம்ஸ் மக்பிரைடின் நினைவுநூலும் முன்மொழியப்பட்டன. ஒரு நூல் எந்தச் சமூகத்தைப் புண்படுத்தும், எதைப் பிரதிநிதித்துவப்படுத்தும் என்ற வாதத்தில் அமைப்பாளர்கள் பிரிந்தனர். நகரம் ஒரு நூலில் ஒன்றுபடவில்லை. இதைத் தோல்வி எனக் கருதியோர் பலர். எனினும் 1947இல் யாரும் எழுப்ப இயலாதிருந்த வினா 2002இல் வெளிப்படையாக எழுந்தது என்பது நோக்கத்தக்கது. அமர்ந்தவர்கள் நூலைப் பற்றியும் பேசத் தொடங்கினர். எந்நூல் என்பதைப் பற்றியும் பேசத் தொடங்கினர்.

7. சிங்கப்பூரும் தமிழும்

ஒரே நூல் என்னும் கருத்து கடல் கடந்து சிங்கப்பூரை அடைந்தபோது மாற்றம் பெற்றது. அங்குத் தேசிய நூலக வாரியம் 2005இல் தொடங்கிய நாடளாவிய வாசிப்பு இயக்கம் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் நூல்களை முன்வைத்தது. நியூயார்க் ஒரு மொழிக்குள் தேடிய உடன்பாட்டை, சிங்கப்பூர் நான்கு மொழிகளையும் மேசைமேல் வைத்து அணுகியது. அரசின் இத்தகைய திட்டங்களுக்குப் புறம்பாக, ஆங் மோ கியோ நூலகத்தில் கூடிவந்த தமிழ் வாசகர் வட்டம் தான் பேச வேண்டிய நூலைத் தானே முடிவு செய்தது. புலம்பெயர் சூழலில் இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. முன்னது தமிழுக்கு இருக்கை தருகிறது. பின்னது தமிழ் வாசகருக்குத் தெரிவைத் தருகிறது.

நிறைவுரை

எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. அலெக்சாண்ட்ரியா அவ்விதிக்கு ஒரு முன்நிபந்தனையை உணர்த்தியது: நூலுக்கு முன்னர் வாசகருக்கு இருக்கை வேண்டும். பெருநூல் இயக்கமும் நியூயார்க் அனுபவமும் மற்றொன்றைச் சேர்த்தன: அவருக்குரிய நூல் எது என்பதை அறிவிப்பவர் பிறராக இருத்தலாகாது.

தமிழர் வாழும் பல நாடுகளின் பொது நூலகங்களில் இன்று தமிழ் நூல்கள் உள்ளன. அந்நூல்களை அலமாரியில் அடுக்குவதோடு நூலகத்தின் கடமை முடிவதில்லை. எந்நூலை வாங்குவது, எதைப் பற்றிப் பேசுவது, எம்மொழியில் பேசுவது என்பவற்றில் அவ்வாசகர்க்குப் பங்கு உண்டா என்பதே அடுத்து ஆராயப்பட வேண்டியது. அவ்வாய்வுக்கு நூலகக் கொள்கை ஆவணங்களைக் காட்டிலும், மாதந்தோறும் கூடிக் கலையும் சிறு வாசகர் வட்டங்களின் கூட்டக் குறிப்புகளே உறுதியான சான்றாக அமையும். அவற்றை அழியாமல் திரட்டிக் காப்பது ஆய்வு நூலகங்களின் உடனடிக் கடமையாகும்.