பந்தயத் தடத்தில் பிரேக்: சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

தமிழ்நாட்டு மோட்டார் பந்தய வரலாற்றில் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்துக்குத் தனி இடம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான அங்கு, 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள நிரந்தரத் தடத்தை அமைத்தது. சொந்தக் காரைப் போட்டியின்றி இத்தகைய தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள் 'டிராக் டே' எனப்படுகிறது. அதற்கான ஆயத்தத்தில் எஞ்சினைவிட பிரேக்குக்கே முதலிடம் தரவேண்டும்.

டிரம்மும் டிஸ்க்கும்

சோழவரக் காலத்தில் சாலைகளில் ஓடிய அம்பாசிடர், பியட் கார்களின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. டிரம் சூடேறி விரிந்தால் பிரேக் ஷூவிலிருந்து விலகும். பெடலை மேலும் ஆழமாக மிதிக்க நேரும். டிஸ்க்கோ காற்றுப்பட வெளியே இருப்பதால் விரைவில் ஆறும். 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றது இதன் பயனை உலகறியச் செய்தது.

வெப்பக் கணக்கு

பிரேக், காரின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து 50க்குக் குறையும்போது இழக்கும் ஆற்றல் சுமார் 290 கிலோ ஜூல். 30 பாகை வெப்பத்திலுள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இதுவே போதும். சாலையில் எப்போதாவது நிகழும் இது, தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை நிகழ்கிறது.

ஆயத்தம்

முதலில் பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 பாகை; ஈரம் ஏறியபின் 155 பாகை. நாகூர் போன்ற ஈரக்காற்று மிகுந்த கடற்கரை ஊர்களில் ஓடும் கார்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். அவை அழுந்துவதால் பெடல் தரைவரை இறங்கியும் கார் நிற்காது. எனவே புதிய ஆயில் ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் காற்றை முழுமையாக வெளியேற்ற வேண்டும்.

பேட் தேய்ந்திருந்தால் புதிது போட்டு, சில நாள் சாலையில் ஓட்டிப் படியவைத்த பின்பே தடத்துக்குக் கொண்டுசெல்வது நல்லது. டிஸ்க்கில் விரிசல், ஹோஸில் வெடிப்பு, கசிவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

தடத்தில் பெடல் மென்மையாகத் தோன்றினால் உடனே வேகத்தைக் குறைத்து வெளியேற வேண்டும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுவது வழக்கம். வண்டியை நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்கள். சூடான டிஸ்க்கைப் பேட் ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்திருந்தால் அது சீராக ஆறாது.