திருகாணி உரைக்கும் வரலாறு

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே வரலாற்றுச் சான்றுகள் என்று கருதுவோர் உளர். மக்கள் கையாண்ட கருவிகளும், அவற்றைப் பூட்டிய சிற்றாணிகளுங்கூடக் காலத்தையும் இடத்தையும் காட்டவல்லன. பினாங்குத் தீவில் பழைய மோட்டார் கார்களைப் பேணிக் காப்போர் இவ்வுண்மையை எளிதில் உணர்வர். எந்திரத்தின் பெரிய உறுப்புகளுக்குப் பெயரும் எண்ணும் உண்டு. அவற்றைச் சொல்லிக் கேட்டுப் பெறலாம். கதவின் உட்பலகையைப் பிடித்திருந்த சிறு திருகாணிக்கோ, அது பிறந்த நாடும் காலமுமே அடையாளம். அவ்விரண்டையும் அறியாதார்க்கு ஒத்த திருகாணி கிட்டுவது அரிது. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

திருகாணி தமிழர்க்குப் புதிதன்று. தோட்டையும் மூக்குத்தியையும் கழலாமற் காப்பது அதுவே. ஆணியின் உடலில் சுற்றிச் செல்லும் வரியை மரை என்கிறோம். அதைத் திருகும் கருவியைத் திருப்புளி என்கிறோம். அறிவு தடுமாறியவனை 'மரை கழன்றவன்' என்னும் பேச்சு வழக்கும் நம்மிடையே உண்டு. ஒரு மரை மற்றொன்றோடு பொருந்த மூன்று அளவுகள் ஒத்திருத்தல் வேண்டும். தண்டின் விட்டம் ஒன்று. வரிக்கும் வரிக்கும் உள்ள இடைவெளி ஒன்று. வரியின் பக்கங்கள் கூடும் கோணம் ஒன்று. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் பூட்டு நிலைக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல் மரை வெட்டிற்று. 1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், நாடு முழுமைக்கும் ஒரே முறை வேண்டும் என்று வற்புறுத்தி, 55 பாகைக் கோணத்தை வகுத்தார். 1864இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையைத் தேர்ந்தார். நுண்கருவிகளுக்கென 1884இல் பிரிட்டிஷ் சங்கம் வகுத்த பி.ஏ. முறை 47½ பாகையை மேற்கொண்டது. 1908இல் விட்வொர்த்தின் கோணத்திலேயே நெருக்கமான வரிகளையுடைய பி.எஸ்.எஃப். முறை வந்தது. ஒற்றுமையை நாடித் தொடங்கிய முயற்சி, இவ்வாறு நாட்டுக்கொரு முறையாய்ப் பிரிந்தது.

இதன் கேடு இரண்டாம் உலகப் போரில் வெளிப்பட்டது. தோளோடு தோள் நின்று பொருத நாடுகளின் படைக்கலங்களில், ஒன்றின் ஆணி மற்றொன்றில் ஏறவில்லை. போர் முடிந்தபின், 1948 நவம்பரில், பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் 60 பாகை கொண்ட ஒருங்கிணைந்த முறைக்கு உடன்பட்டன. பிரிட்டிஷ் கார்கள் அம்முறைக்கு ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1950களில் படிப்படியாகவே மாறின. ஆகவே அப்பத்தாண்டின் வண்டி ஒன்றிலேயே பழைய மரையும் புதிய மரையும் கலந்திருத்தல் கூடும்.

இனிப் பினாங்குக்கு வருவோம். 1969இல் அவ்வுரிமை நீக்கப்படும் வரை இத்தீவு சுங்கவரியற்ற துறைமுகமாய் விளங்கிற்று. பல நாட்டுச் சரக்குகளும் இங்கு வந்திறங்கின. பிரிட்டிஷ் ஆட்சியில் ஆஸ்டினும் மோரிசும் மலாயாச் சாலைகளில் ஓடியதில் வியப்பில்லை. ஆனால் ஃபோர்டு வண்டியின் வழி வேறு. பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதிக்கு ஃபோர்டு கார்களை விற்கும் உரிமை கனடாக் கிளைக்கே இருந்தது; 1926இல் சிங்கப்பூரில் அமைந்த மலாயா ஃபோர்டு நிறுவனமும் அக்கிளையின் கிளையே. கனடாவிலோ பீட்டர் ராபர்ட்சன் என்பார் 1908 அளவில் சதுரக் குழியுடைய திருகாணியை உருவாக்கியிருந்தார். 'டி' வகை ஃபோர்டின் மரக்கூட்டில் அதனைக் கனடாவில் பயன்படுத்தினர். எனவே மலாயாவில் எஞ்சிய அத்தகைய வண்டியில் சதுரக் குழித் தலை காணப்படின், அதைப் பிற்கால ஒட்டு என்று பிடுங்கி எறிதல் தவறு. அது கப்பலேறிய துறையைச் சொல்லும் சாட்சியாகலாம்.

நாட்டை அறிந்தால் மட்டும் போதும் என்பதும் இல்லை. மோரிஸ் கார்களின் எந்திரங்களை ஒரு காலத்தில் செய்தளித்தது, ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் நடத்திய தொழிலகம். அதன் கருவிகள் மெட்ரிக் மரையையே வெட்டின. ஆங்கிலத் தொழிலாளரின் முடுக்கிக்கு ஏற்ப, ஆணித்தலைகளை மட்டும் விட்வொர்த் அளவில் அமைத்தனர். தலை ஒரு நாடு, உடல் மற்றொரு நாடு! இம்மரபு எம்.ஜி. கார்களில் 1955 வரை நீடித்தது.

உள்ளலங்காரத்தில் மற்றொரு பொறி காத்திருக்கிறது. பி.ஏ. இரண்டாம் எண் திருகாணியின் விட்டம் 4.70 மி.மீ., வரியிடைவெளி 0.81 மி.மீ. ஒருங்கிணைந்த முறையின் பத்தாம் எண் நெருக்கமரைக்கு அவை 4.83, 0.79. இன்று கடைகளில் கிடைக்கும் மெட்ரிக் 5க்கு 5.00, 0.80. கண்ணுக்கு மூன்றும் உடன்பிறப்புகள். ஒன்றன் துளையில் மற்றொன்று சில சுற்றுகள் இறுக்கமாய் ஏறவும் கூடும். 'பொருந்திவிட்டது' என்று மகிழ்ந்து மேலும் முடுக்கினால், துளையின் பழைய மரை அழிந்தொழியும். விட்டத்தை நுண்ணளவியால் அளந்து, மரையளவியின் பற்களைப் பொருத்திப் பார்த்தல் ஒன்றே இதற்குக் காவல்.

மரச்சட்டத்தில் ஏறும் திருகாணிக்கு எண்ணளவு உண்டு. ஆறாம் எண் ஏறத்தாழ 3.5 மி.மீ.; எட்டாம் எண் ஏறத்தாழ 4.2 மி.மீ. மேற்புறம் சற்றே குவிந்த தலையும், அதன் கீழ்க் கிண்ணம் போன்ற வாஷரும் அக்கால அலங்காரத்தின் இயல்பு. முலாமும் காலங்காட்டும்: நிக்கலின் இடத்தைக் குரோமியம் பிடித்தது 1920களின் இறுதியில். சிலுவைப் பள்ளமுடைய பிலிப்ஸ் தலை கார்த்தொழிலில் புகுந்தது 1930களின் நடுவில், அமெரிக்காவில். ஆகவே 1920களின் ஆங்கில வண்டியில் சிலுவைத் தலை மின்னுமாயின், அது பிற்காலக் கையின் வேலை என்று துணியலாம்.

இவ்வாராய்ச்சி தமிழாசிரியர்க்குப் பழகிய நெறியே. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார். பழைய காரிலும் அவ்வாறே செய்தல் வேண்டும். வலக்கதவை இடக்கதவோடு ஒப்பிடுக. பலரும் கைவைக்காத இருக்கையடியிலும் பலகையின் பின்புறத்திலும் உள்ள திருகாணியை நோக்குக. பல இடத்தும் ஒத்து வருவதே மூலபாடம். ஓரிடத்து மட்டும் நிற்பது இடைச்செருகலாகலாம். துருவேறிய பழைய ஆணியையும் எறிந்துவிடாது, எடுத்த இடத்தைக் குறித்துப் பொதிந்து வைத்தல் நன்று. அளவறிய வேறு ஏடு இல்லை.

கடற்காற்று வீசும் பினாங்கில் துரு விரைந்து ஏறும். அதற்கு அஞ்சி, எல்லாவற்றையும் பளபளக்கும் துருவா எஃகாக மாற்றிவிடும் எண்ணம் எழுவது இயல்பே. மாற்றினால் வண்டி ஓடும்; அது வந்த வழி மறைந்துபோம். மூலம் பித்தளையாயின் பித்தளையே இடுக. அது மென்மையானது, ஆதலின் அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை முதலில் ஏற்றி வழிசெய்து, பின்னர் மெழுகு தடவிப் பித்தளையை ஏற்றுவது தச்சர் மரபு.

ஜார்ஜ் டவுனின் பழம்பொருட் சந்தைகளில் பழைய இரும்புச் சாமான்களுக்கிடையே இத்தகைய ஆணிகள் இன்றும் அகப்படலாம். கடைக்காரர்க்கு அவை எடைக்குப் போடும் பொருள். அளவறிந்து செல்வோர்க்கோ, விட்வொர்த்தும் ராபர்ட்சனும் இத்துறைமுகத்தில் வந்து சந்தித்த கதையின் எழுத்துகள் அவை. ஓரெழுத்துப் பிழைத்தால் பொருள் திரியும் என்பதைத் தமிழ் கற்றோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?