நடுவர் நாற்காலி பிறந்த கதை

டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் கோயம்புத்தூரில் பாட்டு சொல்லித்தரும் வித்வான்களின் ஞாயிற்றுக்கிழமைகள் அவர்கள் வசம் இருப்பதில்லை. பள்ளி ஆண்டு விழாப் போட்டி, திருப்பாவைப் போட்டி, சபாவின் இளைஞர் போட்டி என்று எங்கிருந்தாவது அழைப்பு வரும். போய்ப் பார்த்தால் ஏற்பாடு எல்லா இடத்திலும் ஒன்றுதான். மேடைக்கு எதிரே துணி விரித்த மேசை, மூன்று நாற்காலிகள், மூன்று தண்ணீர் பாட்டில்கள். மேசைமேல் கட்டம் போட்ட தாள். சுருதி, லயம், பாடாந்தரம், உச்சரிப்பு, பாவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், கடைசியில் மொத்தம். குழந்தைக்குப் பெயர் கிடையாது, டோக்கன் எண் மட்டும்தான். ஐந்தரைக் கட்டையில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஆபோகி வர்ணத்தைத் தொடங்கும் பத்து வயதுக் குழந்தைக்கு, அந்த மூன்று பேரும் வாழ்க்கையில் எதைக் கடந்து அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது.

பாடகர் ஒருவர் இன்னொரு பாடகருக்கு எண் போடும் இந்த வழக்கத்துக்கு நம் ஊரில் அதிக வயதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறுகிறாள். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், முழவு வாசிப்பவன், குழலோன், யாழ்ப் புலவன் என்று ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி வேண்டும் என்பதை இளங்கோ விரிவாகச் சொல்கிறார். ஆனால் தலைக்கோல் பட்டத்தையும் 1008 கழஞ்சு பொன்னையும் கொடுப்பவன் சோழ மன்னன். பொன்னைக் கொடுப்பவனே தீர்ப்பையும் சொன்னான் என்ற அந்த ஏற்பாடுதான் அரசர், ஜமீன்தார், மிராசுதார் காலம்வரை நீடித்தது. வித்வான்களின் தீர்ப்பு குருகுலத்துக்குள் சொல்லப்பட்டது. வெளியே சொல்லப்பட்டால் அது பெரும்பாலும் இருவர் மோதிக்கொள்ளும் பல்லவிப் போட்டியில்தான்.

இந்த ஏற்பாடு முதலில் அசைந்தது இசைத்தட்டால் என்று நினைக்கிறேன். கோயம்புத்தூர் தாயி என்ற பழனிக்குஞ்சரம் (1872–1917) சென்னைக்குப் போய்ப் புகழ்பெற்றார். கிராமபோன் தட்டுகளில் அவர் குரல் பதிவானது. 1912 வாக்கில் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ், தாயி பாடிய அருட்பா இசைத்தட்டை ஆதாரமாக வைத்து ‘ராகமாலிகா’ என்று பியானோவுக்கு ஒரு படைப்பே செய்தார். பாரிஸில் அந்த இசைத்தட்டைக் கேட்டவர்களுக்குத் தாயியின் ஊர், குலம், முகம், அவர் பாடிய சபை எதுவும் தெரியாது; கேட்டதெல்லாம் குரல் மட்டுமே. ஆளைவிட்டுக் குரலைத் தனியே பிரித்துக் கேட்க முடியும் என்று காட்டியது கிராமபோன். அதை ஒரு தேர்வு முறையாக்கியது வானொலி.

இடையில் சென்னையில் ஒன்று நடந்தது. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு கூடியது. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. வித்வான்களும் ஆராய்ச்சியாளர்களும் ஒரே மேடையில் உட்கார்ந்து, இந்த ராகத்துக்கு லட்சணம் இது என்று விவாதித்துத் தீர்மானம் செய்யத் தொடங்கினார்கள். இளைஞர்களுக்குப் போட்டிகளும் வந்தன. பாடுகிறவர்களே சரி தவறு சொல்லும் சபையாகக் கூடியது அங்கேதான். ஆனால் அது சென்னையின் ஒரு வட்டாரம். ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ இருந்த ஒரு வித்வானை அந்த மேசை எட்டவில்லை.

எட்டியது வானொலிதான். சென்னை நிலையம் 1938இல் வந்தது, திருச்சி நிலையம் 1939இல். யாரைப் பாடவைப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் தொடக்கத்தில் நிலையத்தாரின் கையில் இருந்தது. 1952இல் பி.வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். சாஸ்திரிய சங்கீதத்தில் தீவிரமான பற்றுள்ளவர். சினிமாப் பாட்டைச் சுருக்கி, நேயர்களை இலங்கை வானொலிப் பக்கம் விரட்டியவர் என்றுதான் அவரைப் பலருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் பாடகர்களின் வாழ்க்கையை அதைவிட ஆழமாக மாற்றியது அவர் கொண்டுவந்த ஆடிஷன் முறை. வானொலியில் பாட வேண்டுமென்றால் தேர்வுக்கு உட்கார வேண்டும், தேறினால் கிரேடு, கிரேடுக்கு ஏற்பச் சன்மானம். கச்சேரி மேடைகளில் ஆண்டுக்கணக்கில் பெயர் வாங்கிய மூத்தவர்களுக்கு இது அவமானமாகப் பட்டது. வடக்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது. இந்துஸ்தானித் தேர்வுக்குழுவுக்குத் தலைமை வகித்த எஸ்.என். ரதன்ஜங்கர் பெரும் பண்டிதர்; அவர் கேட்ட கேள்விகளுக்காகவே பலரின் கோபத்துக்கு ஆளானார். தெற்கே செம்மங்குடி சீனிவாச ஐயர் 1957 முதல் 1960 வரை சென்னை வானொலியில் கர்நாடக இசைக்கு முதன்மைத் தயாரிப்பாளராக இருந்தார். கச்சேரி மேடையின் முதல் வரிசையில் இருந்த ஒருவர் அரசாங்க நாற்காலியிலும் உட்கார்ந்தது, இந்த வேலைக்கு ஒரு கௌரவத்தைக் கொடுத்தது.

ஆடிஷன் அறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பாடுகிறவர் ஒலிப்பதிவு அறையில் இருப்பார். கேட்கிறவர்கள் வேறு அறையில், ஒலிபெருக்கிக்கு முன்னால். பாடத் தெரிந்தவற்றின் பட்டியலை முன்பே கொடுத்துவிட வேண்டும். அதிலிருந்து, இதைப் பாடுங்கள், இந்த ராகத்தில் ஆலாபனை செய்யுங்கள், இந்த இடத்தில் நிரவல் என்று அவர்கள் கேட்பார்கள். முகத்தைப் பார்த்துத் தலையாட்ட ஆள் இல்லை, ‘பலே’ சொல்ல ரசிகர் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். உள்ளூர்க் குழு கேட்டது போக, உயர்ந்த கிரேடுகளுக்கு ஒலிப்பதிவு தில்லிக்குப் போகும். எங்கோ உட்கார்ந்திருக்கும் வித்வான்கள், பாடியவர் யாரென்று அறியாமல் கேட்டுத் தீர்ப்பு எழுதுவார்கள். இந்த முறையில் குறை சொல்ல நிறைய உண்டு. இருந்தாலும் சிபாரிசுக் கடிதம் இல்லாத ஒரு பெண், குடும்பத்தில் யாரும் பாடாத ஒரு பையன், தன் குரலை மட்டும் நம்பி உள்ளே போக ஒரு வாசல் திறந்தது என்பதை மறுக்க முடியாது. ஆளைப் பார்க்காமல் கேட்பது என்ற அந்த ஒரு கொள்கைக்காக நான் அந்த முறையை மதிக்கிறேன்.

1966இல் கோயம்புத்தூருக்கு நிலையம் வந்தது. திருச்சி சாலையில், ராமநாதபுரத்தில். அதன்பின் கொங்கு நாட்டில் வித்வான் என்பவருக்கு ஒரு புதிய அடையாளம் கிடைத்தது. கச்சேரி அழைப்பிதழில் பெயருக்குக் கீழே ‘ஆகாசவாணி கலைஞர்’ என்று ஒரு வரி ஏறியது. பி, பி ஹை, ஏ, டாப் என்ற படிகள் வீட்டுப் பேச்சில் புழங்கத் தொடங்கின. மாதச் சம்பளத்தில் ‘நிலைய வித்வான்’ என்ற உத்தியோகம் இருந்தது. வயலின், மிருதங்கம், வீணை வாசித்தவர்களில் சிலருக்கு அது வாழ்நாள் வேலையாகவே அமைந்தது.

நடுவர் நாற்காலி ஊருக்குள் வந்தது இந்த வழியாகத்தான். ஒரு பள்ளித் தாளாளர் பாட்டுப் போட்டிக்கு யாரை அழைப்பது என்று யோசித்தால், அவருக்குக் கைகொடுப்பது கிரேடு. சங்கீதம் தெரியாதவருக்கும் ‘ஏ கிரேடு’ என்றால் புரியும். அரசாங்கம் தேர்வு வைத்துச் சரி என்று சொன்னவர், அதனால் அடுத்தவரைத் தேர்வு செய்யலாம். அரசு இசைக் கல்லூரியில் சொல்லித்தருகிறவர்கள், வானொலியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், சபாக்களில் பாடுகிறவர்கள் என்று ஒரு சின்ன வட்டம் உருவானது. ஆடிஷனில் உட்கார்ந்தவரே பிறகு ஆடிஷன் கேட்கிறார், அவரே ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் போட்டியிலும் இருக்கிறார்.

இதில் வருமானம் என்று பெரிதாக இல்லை. ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, ஒரு கவர். நடுவர் வேலையை மட்டும் வைத்து யாரும் அடுப்பு மூட்ட முடியாது. டியூஷன், கோயில் கச்சேரி, வானொலி, ஆன்லைன் வகுப்பு என்று பல இழை முறுக்கிய கயிறு இந்தப் பிழைப்பு. நடுவர் நாற்காலி அதில் ஓர் இழை. அமெரிக்காவில் 1978 முதல் நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையின் போட்டிகளுக்கு இங்கிருந்து போகும் வித்வான்களுக்கு அது இன்னும் கொஞ்சம் பெரிய இழை. ஆனால் பணத்தைவிடப் பெரிதாக ஒன்று கிடைக்கிறது: நடுவராக உட்கார்ந்தவரிடம் மறுவாரம் பெற்றோர் பிள்ளையைச் சேர்க்க வருகிறார்கள். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. தன் சிஷ்யை மேடை ஏறினால் அந்தச் சுற்றில் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். நல்ல நடுவர்கள் கேட்காமலே அப்படிச் செய்கிறார்கள். அது விதியாகவே எழுதப்பட வேண்டும்.

பாடாந்தரம் இன்னொரு சிக்கல். ஒரே கீர்த்தனையை ஒரு குருவழி ஒரு சங்கதியோடும் இன்னொரு குருவழி வேறு சங்கதியோடும் பாடும். பேகடையின் நிஷாதம் எங்கே நிற்க வேண்டும் என்பதே ஆண்டுக்கணக்கில் பயில வேண்டிய பாடம். தான் கற்றதை மட்டும் சரி என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், குழந்தை தன் குருவிடம் ஒழுங்காகக் கற்றதற்கே மதிப்பெண் குறைந்துவிடும்.

வாளையாற்றைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இந்த நாற்காலியின் கனம் இன்னும் தெரியும். கேரளப் பள்ளிக் கலோத்சவம் 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. 1958இல் வாய்ப்பாட்டில் முதல் பரிசு கே.ஜே. யேசுதாஸுக்கு, மிருதங்கத்தில் பி. ஜெயச்சந்திரனுக்கு. அதே யேசுதாஸை வானொலித் தேர்வில் பிறகு நிராகரித்தார்கள் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள். ஒரே குரல், இரண்டு மேசை, இரண்டு தீர்ப்பு. கலோத்சவத்தில் வென்றால் பள்ளித் தேர்வில் கூடுதல் மதிப்பெண் என்ற சலுகை சேர்ந்தபின் அங்கே தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு, நீதிமன்றம் என்றெல்லாம் வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2022–23இல் அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா தொடங்கியிருக்கிறது. கலையரசன், கலையரசி பட்டங்கள் தருகிறார்கள். சபா வாசலையே பார்த்திராத பிள்ளைகள் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள். நடுவருக்கான தேவை இதுவரை இல்லாத அளவுக்கு நம்மிடம் பெருகியிருக்கிறது.

நடுவர் வேலையை வேறு விதமாகவும் செய்யலாம். இங்கிலாந்தில் 1885இல் மேரி வேக்ஃபீல்ட் என்ற பாடகி கெண்டல் பகுதியில் கிராமத்துப் பாட்டுக் குழுக்களுக்குப் போட்டி வைத்தார். அதிலிருந்து வளர்ந்த விழாக்கள் பிரிட்டனிலும் கனடாவிலும் பரவின. அங்கே நடுவர் என்பவர் எண் எழுதிவிட்டுப் போகிறவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் குறிப்பு எழுதுவார். போட்டி முடிந்ததும் எழுந்து நின்று எல்லார் முன்னிலையிலும் பேசுவார். எது நன்றாக வந்தது, எதை எப்படிச் சரிசெய்யலாம் என்று தோற்ற பிள்ளைக்கும் தெரியும்படி சொல்வார். அந்த விழாக்களில் குழந்தை பாடிய பாட்டுக்கு ஒரு பதில் கிடைக்கிறது. நாம் வானொலியிடமிருந்து மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டோம். ஆடிஷனுக்கு அது போதும், அங்கே முடிவு மட்டும்தான் வேண்டும். பத்து வயதுக் குழந்தைக்கு அது போதாது. நூற்றுக்கு 63 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அது எதைச் சாதகம் செய்யும்?

போட்டி நடத்துகிறவர்களே, மதிப்பெண் தாளில் மொத்தம் என்ற கட்டத்துக்குக் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள். ‘மந்திர ஸ்தாயியில் சுருதி இறங்குகிறது, காலையில் கீழ் ஷட்ஜத்தை நீளப் பிடித்துப் பழகு’. ‘சரணத்தில் தாளம் ஓடுகிறது, கையை விடாமல் போட்டுப் பாடு’. ‘குரல் நன்றாக இருக்கிறது, சொற்களை விழுங்காதே’. இதை எழுத ஒன்றரை நிமிடம் ஆகும். ஐம்பது பிள்ளைகள் என்றால் ஒன்றேகால் மணி நேரம். மூன்று நடுவர்களும் பிரித்துக்கொண்டால் இருபத்தைந்து நிமிடம். பரிசளிப்பு மேடையில் வரவேற்புரைக்கும் வாழ்த்துரைக்கும் ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை எடுத்து நடுவர்களிடம் கொடுத்தால் அந்தத் தாளை அன்றே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்து அனுப்பிவிடலாம்.