முள் ஏன் ஆடியது?



என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன் இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டான். பழைய கிட் கார் வாங்கியிருக்கிறான். "சார், பெட்ரோல் முள் பாதி காட்டுது, உடனே காலி காட்டுது. போன வாரம் ராத்திரி மகளோட நடுரோட்டுல நின்னுட்டேன்" என்றான்.

கிட் கார் என்றால் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டுவது. எல்லாம் வரிக்குப் பயந்துதான்! பிரிட்டனில் 1940-இல் கொள்முதல் வரி வந்தது. முழுக் காருக்கு அந்த வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் அப்படித்தான் பல வீடுகளுக்குப் போனது. பூட்டும் குறிப்பு தரக்கூடாது என்பதால் கழற்றும் குறிப்பைத் தந்தார்களாம். பின்னாலிருந்து படித்துக்கொள்ள வேண்டியது. 1973-இல் வாட் வந்ததும் அந்தச் சலுகை போயிற்று.

வேறு பலர் பழைய ஃபோர்டு சேஸிஸ் மேல் ஃபைபர் கிளாஸ் பாடியைப் பூட்டினார்கள். வினை அங்கேதான். இரும்பு பாடி என்றால் டேங்க் மிதவைக்குப் போன மின்சாரம் அதன் வழியே பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. தனியாக எர்த் வயர் வேண்டும். அதன் முனையில் துரு ஏறினால் முள் ஆடும்.

"லைட்டைப் போட்டுப் பாருப்பா, முள் நகருதா?" என்றேன். நகர்ந்தது. டேங்க் பக்கத்து எர்த் நட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டச் சொன்னேன். இன்று காலை படம் வந்தது, முள் முக்காலில் நிற்கிறது.

பல்புக்கு ரெண்டு வயர் எதுக்கு சார் என்று அன்று வகுப்பில் கேட்டவன் இவன்தான்.