கடைசல் மரக்கிண்ணங்களும் சாடிகளும்

சுழலும் மரக்கட்டையில் கூரிய உளியைப் பதித்துச் சீவி உருவாக்கும் வட்டவடிவக் கலன்கள் கடைசல் கலன்கள் எனப்படும். மரம் சுழல, உளியோ தாங்கியின் மேல் கைப்பிடியில் நின்று மெல்ல நகரும். அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளும் கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைகளும் இந்தத் தொழிலில் பிறந்தவையே. கிண்ணத்தையும் சாடியையும் அழகுக்காகவே கடையும் கலை, 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தனித்து வளர்ந்தது.

எந்தக் கலனைக் கடைந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது நார் ஓடும் திசை. கிண்ணத்துக்கு அடிமரத்தை நீளவாக்கில் பிளந்து, நார் சுழல் அச்சுக்குக் குறுக்கே அமையும்படி கட்டையைப் பொருத்துவர். உயரமான சாடிக்குப் பெரும்பாலும் நார் அச்சோடு இணையாக ஓடும். இந்த வேறுபாடுதான் உளியின் வழியையும் மாற்றுகிறது. சீவப்படும் நாரை அடுத்துள்ள நார் தாங்கிக்கொள்ள வேண்டும். தாங்காவிட்டால் மரம் பிய்ந்து சொரசொரப்பாகும். ஆகவே கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடு நோக்கியும் குழியுளியால் சீவுவர். சாடியின் உட்புறத்திலோ நடுவிலிருந்து வெளிநோக்கிச் சீவுவதே சரி.

அடுத்தது ஈரம். பச்சை மரம் மென்மையானது. நீண்ட சுருள்களாக எளிதில் சீவ வரும். ஆனால் காயும்போது அது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நீளவாக்கிலோ சுருக்கம் மிகச் சொற்பம். பச்சையில் வட்டமாக இருந்த கிண்ணம் காய்ந்தபின் நீள்வட்டமாவது இதனால்தான். எனவே முதல் கடைசலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாக, அதாவது 30 செ.மீ. கிண்ணத்துக்குச் சுமார் 3 செ.மீ. அளவில், விட்டுவைப்பர். மாதக்கணக்கில் உலரவிட்டு, எடை குறைவது நின்றபின் மீண்டும் கடைந்து வட்டமாக்குவர். சிலர் முதலிலேயே மெல்லியதாகக் கடைந்து, மரம் தன் போக்கில் வளைய விட்டுவிடுகிறார்கள். அந்த வளைவில் மரத்தின் இயல்பே வெளிப்படுகிறது; கிண்ணங்களில் மிக அழகியவை பல இவ்வகையைச் சேர்ந்தவை.

கடையும்போது பாதுகாப்பும் முக்கியம். நிமிடத்துக்கு 1,000 சுற்றில் 30 செ.மீ. விட்டமுள்ள கட்டையின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 16 மீட்டர் வேகத்தில் ஓடும். விரிசலுள்ள கட்டை சிதறினால் உயிருக்கே ஆபத்து. முகக்கவசம் கட்டாயம் வேண்டும். நுண்ணிய மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் தூசிக் கவசமும் தேவை.

ஜேம்ஸ் பிரெஸ்டினி 1930களில் சிகாகோவில் கடைந்த மெல்லிய சுவர்க் கிண்ணங்கள் இக்கலைக்குப் புதிய மதிப்பைத் தந்தன. இரண்டாம் உலகப்போரில் மனச்சான்றின்படி போரிட மறுத்தவர்களுக்கான முகாமில் கடையத் தொடங்கிய பாப் ஸ்டாக்ஸ்டேல், பின்னர் பெர்க்லியில் அரிய மரங்களின் ரேகை துலங்கும் கிண்ணங்களைச் செய்தார். மெல் லிண்ட்குவிஸ்டும் அவர் மகன் மார்க்கும், பூஞ்சை படர்ந்து கருங்கோடுகள் ஓடிய மரத்தைக் கலைப்பொருளாக்கினர். மற்றவர்கள் விறகென்று ஒதுக்கியது அது. கட்டடக் கலைஞர் எட் மௌல்த்ரோப், பெரிய கலன்கள் வெடிக்காதிருக்க அவற்றைப் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் ஊறவைத்தார்.

சிறிய வாயுள்ள சாடியைக் குடைவதே இக்கலையின் கடினமான பகுதி. உளியின் முனை கண்ணுக்குத் தெரியாது. ஒலியையும் கையில் உணரும் அதிர்வையும் வைத்தே சுவரின் தடிமனைக் கணிக்க வேண்டும். வளைந்த உளிகளால் இவ்வாறு குடையும் முறையை 1970களில் வளர்த்தெடுத்தவர் டேவிட் எல்ஸ்வொர்த். 1986இல் உருவான அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே.

கடைந்த கலனை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெயோ மெழுகோ பூசுவது வழக்கம். சென்னபட்டணத்தில் வெட்பாலை மரம் சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர்; உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படியும். மரச்சாடியில் நேரடியாகத் தண்ணீர் ஊற்றினால் நாளடைவில் மரம் உப்பி வெடிக்கும் என்பதால், உலர்மலர்களை வைப்பர் அல்லது உள்ளே கண்ணாடிக் குழாயைப் பொருத்துவர்.